மன்னிப்பு வாங்கிவந்த சூப்பர்வைசர்

எங்கள் சபை மண்ணூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, தகரக் கூரை போட்ட மாடியில் கூடுகிறது. அங்கே நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். யாரும் கேட்டு எழுதுவதில்லை. யாரும் வாசிப்பதும் இல்லை. இந்தக் கட்டுரையில் மட்டும் தேதிகளை விட்டுவிடுகிறேன். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் தேதியைச் சொன்னால் ஷிஃப்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஷிஃப்டைக் கண்டுபிடித்தால் ஆளையே பிடித்துவிடுவார்கள். கிழமைகளும் பண்டிகைகளும் போதும்.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அந்த விபத்து நடந்தது. பூஜை விடுமுறைக்கு முன்பு உற்பத்தியை ஏற்றிவிட வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளிலும் விரட்டுவார்கள். நான் வேலை பார்ப்பது வேறொரு கம்பெனியின் ஸ்டோர்ஸில், ஆனாலும் அந்த வாரத்தின் நெருக்கடி எனக்கும் தெரியும். காருக்கான தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் மெஷினின் வாயில் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று இருக்கும். கை உள்ளே போனால் மெஷின் நின்றுவிடும். அதுதான் சென்சார். அது அடிக்கடி காரணமில்லாமலும் நிறுத்தும். அப்படி நிற்கிற ஒவ்வொரு தடவையும் கணக்கு குறையும். அதனால் சில இடங்களில் அதை அணைத்துவிட்டு ஓட்டுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான் ஓடியது. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கணவருக்கு வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

அவர் ஞானஸ்நானம் எடுத்தவர்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டி, அதாவது ஓவர்டைம், பார்ப்பார் என்பதால் சபையில் அவரை 'ஓட்டி கிறிஸ்தவர்' என்று கேலி செய்வார்கள். கிறிஸ்துமஸ் அன்று வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போவார். விபத்துக்குப் பிறகு அந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

அந்த லைனின் சூப்பர்வைசரும் எங்கள் சபைதான். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், இருங்காட்டுக்கோட்டையில் வாடகைக்குக் குடியிருக்கிறார். நன்றாகப் பாடுவார். வருடத்தின் கடைசி ஞாயிறு எங்கள் சபையில் சாட்சி ஞாயிறு. அந்த வருடத்தில் ஆண்டவர் செய்த நன்மையை ஒவ்வொருவராக எழுந்து சொல்வார்கள். பேசுகிறவர் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் சபை 'ஸ்தோத்திரம்' என்றோ 'அல்லேலூயா' என்றோ சொல்ல வேண்டும். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை, பழகிவிடும். அந்த ஞாயிறு சூப்பர்வைசர் மைக்கைப் பிடித்தார்.

"என் லைன்ல ஒரு சகோதரனுக்குக் கை போயிட்டு," என்று சொல்லி நிறுத்தினார்.

"ஸ்தோத்திரம்!" என்றது சபை.

"சென்சாரை ஆஃப் பண்ணச் சொன்னது நான்தான்."

"அல்லேலூயா!"

சொல்லிய பிறகுதான் பாதிப் பேருக்கு என்ன சொன்னோம் என்று உறைத்தது. மீதிப் பேருக்கு உறைக்கவே இல்லை. அவர் அழுதார். மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்றார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆண்டவர் தன் பாரத்தை இறக்கிவிட்டார் என்றும், தான் மன்னிக்கப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். பாஸ்டர் இறங்கிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். அவர் லைனில் வேலை பார்க்கிற பையன்கள் வரிசையாகப் போய்க் கைகொடுத்தார்கள். பெண்கள் பக்கத்தில் தண்ணீர் கேன் ஓரமாக உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். அவளிடம் யாரும் போகவில்லை.

ஆராதனை முடிந்து நான் இறங்கியபோது படிக்கட்டின் கீழே அவள் நின்றிருந்தாள்.

"அண்ணே, கேட்டீங்கள்ல?"

"கேட்டேம்மா."

"நல்லா கேட்டீங்கள்ல? அப்பறம் மைக் சரியில்ல, காதுல வுழலன்னு சொல்லக் கூடாது."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சென்சாரை அணைத்தது அவள் கணவரே என்று கம்பெனி குற்றம் சாட்டியிருந்தது. பொங்கல் கழிந்து என்கொயரி. குற்றம் நிரூபணமானால் வேலை போய்விடும். நிர்வாகத்தின் தரப்பில் பேசப்போகிற முக்கியமான ஆள் இதே சூப்பர்வைசர்.

"ஆண்டவர்கிட்ட சொன்னத ஆபீசரு கிட்டயும் சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல. அவர ஜெயிலுக்கு அனுப்பணும்னு கேக்கல."

அன்று மாலையே பாஸ்டரிடம் போனேன். நல்ல மனிதர். சபைக் கழிப்பறை அடைத்துக்கொண்டால் மலக்குழியில் இறங்கக்கூடத் தயங்காதவர். ஒரு தடவை இறங்கியும் இருக்கிறார். அவரைக் குறை சொல்லி எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் அன்று அவர் சொன்னதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

"பிரதர், சபையில சொன்னது ஆண்டவருக்கும் அவருக்கும் உள்ள காரியம். அதைத் தூக்கிட்டு நாம கம்பெனிக்குப் போனா, நாளைக்கு ஒருத்தன் வாயைத் திறந்து பாவத்தை அறிக்கையிடுவானா?"

"அந்தக் கம்பெனி ஆட்களே சபையில் பாதிப் பேர் இருக்காங்க பாஸ்டர். எல்லாருமே கேட்டாங்க."

"அவங்க கிட்டயும் பேசினேன். எல்லாருக்கும் குடும்பம் இருக்கு பிரதர்." பிறகு, "நீங்க ஒண்ணு செய்யுங்க. புதன்கிழமை வேதபாடத்துல தேவ அன்பைப் பத்தி எடுங்க. எந்தப் பாவிக்கும் அவர் அன்பு உண்டுன்னு சொல்லுங்க. அந்த சிஸ்டருக்கு ஆறுதலா இருக்கும்" என்றார்.

கை போனவரின் மனைவிக்கு, கையை எடுத்தவர்மேல் தேவனுக்கு அன்பு உண்டு என்று சொல்லி ஆறுதல். எரிச்சலோடுதான் ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை வேதபாடம் என் பொறுப்பு. மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். தேவ அன்பு யார்வரைக்கும் எட்டும் என்ற கேள்வியைத் திருச்சபை தொடக்கத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறது. பதில் சொன்னவர்களைப் பொதுவாக மூன்று பக்கமாகப் பிரிக்கலாம். தேவன் எல்லாரையும் நேசிக்கிறார், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார், மறுக்கிறவன் தானாகவே மறுக்கிறான் என்பவர்கள் ஒரு பக்கம். மீட்கிற அன்பு தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்கு, அதாவது தேவன் முன்பே தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான், மற்றவர்களுக்கு வெயிலும் மழையும் போலப் பொதுவான தயவுதான் என்பவர்கள் இன்னொரு பக்கம். கடைசியில் ஒருவர்கூட அந்த அன்புக்குத் தப்ப முடியாது, நரகமும் ஒருநாள் காலியாகும் என்று நம்பினவர்கள் மூன்றாவது பக்கம். முதல் பக்கத்தில் நான் வளர்ந்தேன். வயது ஏற ஏற மூன்றாவது பக்கம் எட்டிப் பார்க்கிறவனாக ஆகியிருக்கிறேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு பொங்கலுக்கு அடுத்த புதன்கிழமை போய் நின்றேன்.

வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். முதல் ஷிஃப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்தவர்கள், கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் வரவில்லை. அவள் வந்திருந்தாள். நான் மழை உதாரணத்துக்கு வந்தபோது, எப்போதும் முன்வரிசையில் உட்காருகிற ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் கையைத் தூக்கினார்.

"மழை எல்லாருக்கும்தான் பிரதர். கம்பெனி ஏசி பஸ்ஸு பர்மனென்ட் ஆளுங்களுக்கு மட்டும்தான். அதான இந்த ரெண்டாவது கட்சி?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உண்மையில் அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, கட்சில்லாம் இருக்கட்டும். அந்த சூப்பர்வைசர ஆண்டவர் நேசிக்கிறாரா?"

"நேசிக்கிறார்மா."

"எங்க வூட்டுக்காரர நேசிக்கிற மாதிரியேவா?"

கொஞ்சம் தயங்கினேன். "ஆமா."

"சரி. அப்படி நேசிக்கிறவரு, போய் உள்ளத சொல்லுடான்னு அவராண்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டாரா?"

"சொல்லுவார்மா."

"எப்போ? என்கொயரி நாளைக்கு கீதுண்ணே."

இதற்கு என் குறிப்புகளில் ஒன்றுமில்லை. தேவ அன்பின் அகலத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் அதை மேலிருந்து அளந்திருக்கிறார்கள். கணவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவளுக்கு அது எங்கே வந்து தொடுகிறது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஜெபம் செய்து சீக்கிரமே வகுப்பை முடித்தேன்.

நேராக இருங்காட்டுக்கோட்டைக்குப் போனேன். சூப்பர்வைசர் வீட்டில்தான் இருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நாங்கள் என்ன பேசப்போகிறோம் என்று தெரிந்தவர்போல டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"அண்ணாச்சி, நான் அழுதது நெசம்," என்று அவரே தொடங்கினார்.

"நான் சந்தேகப்படல."

"கர்த்தர் மன்னிச்ச பெறவு அதை மறுபடியும் தோண்டுறது, அவரை நம்பாத மாதிரி ஆயிராதா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் சற்றுமுன் வகுப்பில் விரித்து வைத்த அன்பு இதுதான். அளவில்லாதது, நிபந்தனையில்லாதது. அதற்குள் இவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆண்டவரைப் பார்க்க மரத்தில் ஏறி நின்ற, வேதத்தில் வருகிற வரிவசூல்காரனைப் பற்றிச் சொன்னேன். ஆண்டவர் தன் வீட்டுக்கு வந்ததும் அவன் அழுதுவிட்டு நிறுத்தவில்லை, அநியாயமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று எழுந்து நின்றான் என்றேன்.

"அவன் சொந்தமா தொழில் பண்ணுனவன் அண்ணாச்சி. நான் சம்பளத்துக்கு இருக்கேன். எனக்கு மேல இருக்கவர் சொல்லித்தான நான் சொன்னேன்? நான் வாயைத் திறந்தா அவர் பேரும் வரும். மறுநாள் காலையில கேட்ல என் கார்டு வேலை செய்யாது."

"அந்த ஆளோட கார்டு இப்பவே வேலை செய்யல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணில் நீர் முட்டியது. அந்தக் கண்ணீரைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது. அவர் வேஷக்காரராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வேஷக்காரரைப் பற்றி வேதத்தில் வேண்டிய மட்டும் இருக்கிறது. இவர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார், உண்மையாகவே மன்னிப்பைப் பெற்றதாக நம்பினார், உண்மையாகவே மறுநாள் பொய் சொல்லத் தயாராகவும் இருந்தார்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க அண்ணாச்சி," என்றார் வாசலில்.

"எதுக்குன்னு சொல்லுங்க. அதுக்குப் பண்றேன்."

அவர் கதவை மெதுவாகச் சாத்தினார். டீயைக் குடிக்காமலேயே வந்துவிட்டேன் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

மறுநாள் அவர் பொய் சொல்லவில்லை. 'எனக்கு நினைவில்லை' என்று சொன்னார். சென்சார் அணைக்கப்பட்டிருந்ததா? நினைவில்லை. யார் அணைக்கச் சொன்னது? நினைவில்லை. அவள் கணவர் சொல்லி அவள் என்னிடம் சொன்னாள். "பொய்யின்னா கூட எதுத்துப் பேசலாம்ணே. நெனப்பில்லன்றவன இன்னா பண்றது?" மாதம் முடிவதற்குள் அவள் கணவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போவதாகச் சொன்னாள். அங்கேயும் சூப்பர்வைசரைக் கூப்பிடுவார்கள்.

பிப்ரவரி முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பத்தையும் திராட்சரசத்தையும் எடுக்கிறதற்கு முன்பு, யார்மேலாவது யாருக்காவது குறை இருந்தால் போய் ஒப்புரவாகுங்கள் என்று பாஸ்டர் சொல்வார். வழக்கத்தில் அது பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துக் கைகூப்புவதோடு முடிந்துவிடும். அன்று அவள் எழுந்தாள். பெண்கள் பக்கத்திலிருந்து நடுவிலுள்ள பாதையைத் தாண்டி ஆண்கள் பக்கம் வந்து, சூப்பர்வைசரின் எதிரே நின்றாள். கீபோர்டு வாசிக்கிற பையன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

"ஒப்புரவாவத்தான் வந்தேன்," என்றாள். "கோர்ட்ல நெனப்பு வந்துருங்களா?"

"எனக்காக ஜெபம் பண்ணுங்க சிஸ்டர்," என்றார் அவர்.

"பண்ணிக்கினுதான் கீறேன். தெனமும் உங்க நெனப்புக்குத்தான் பண்றேன்."

பாஸ்டர் சட்டென்று பாட்டை எடுத்தார். அவள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். தட்டு வந்தபோது சூப்பர்வைசர் அப்பத்தை எடுத்தார், குலுங்கி அழுதுகொண்டே சாப்பிட்டார். அவளும் எடுத்தாள். நானும் எடுத்தேன். அது அவருக்கும் உரியது என்றுதான் நம்புகிறேன். அந்த நம்பிக்கை அன்று எனக்கு எந்தச் சமாதானத்தையும் தரவில்லை. தேவன் அவரை நேசிக்கவில்லை என்று நினைக்க முடிந்தால் ஒரு பகல் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அவரை விலக்கிவிட்டு மிச்சம் இருக்கிற ஒரு தேவனை நான் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது?

வேதபாடத்தில் தலைப்பை மாற்றச் சொல்லி பாஸ்டர் செவ்வாய்க்கிழமை போன் செய்தார். 'ஜெபத்தின் வல்லமை' எடுக்கலாமே என்றார். பாடம் முடியவில்லை, முடிந்ததும் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வருத்தம்தான்.

புதன்கிழமை அவள் தனியாக வரவில்லை. கணவரும் கூட வந்தார். முழுக்கைச் சட்டை, வலது கை சட்டைப் பைக்கு மேலே அசையாமல் கிடந்தது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். தேவன் பாவியை நேசிக்கிறது அவனை அப்படியே விட்டுவைப்பதற்காக அல்ல, நேசிப்பதால்தான் உண்மையைக் கேட்கிறார் என்று சொன்னேன். இரண்டு வாரமாக யோசித்துக் கண்டுபிடித்த வாக்கியம். சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ஒரு டவுட்டு," என்று கடைசி நாற்காலியிலிருந்து குரல் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள்.

"சொல்லுங்க."

"ரெண்டு வாரமா அவருக்கு அன்பு கீதா, அவருக்கு அன்பு கீதான்னே பேசினு கீறீங்களாம். இவ சொன்னா. நம்ம கேசு இன்னா?"

"உங்க கேஸா?"

"நானும் பாவிதாண்ணே. சென்சார் ஆஃப்ல கீதுன்னு எனக்குத் தெரியும். ஓட்ட மாட்டேன்னு சொல்லிருக்கலாம். சொன்னா ஓட்டி போயிடும். அதான் ஓட்னேன். ஒருநாள் இல்ல, ரொம்ப நாளு."

அவர் மனைவி அவரை வெறித்துப் பார்த்தாள். அவளுக்கே இது புதிது என்று தெரிந்தது. "அத ஏன் இங்க சொல்ற நீ?" என்றாள் மெதுவாக.

"அவரு சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா? ஆஃப் பண்ணச் சொன்னது அவருதான். அது மாறாது. கோர்ட்லயும் சொல்லுவேன். ஆனா ஓட்னது நான்." என்னைப் பார்த்தார். "எனக்கு உண்டாண்ணே அந்த அன்பு?"

"உண்டு," என்றேன். இந்தத் தடவை தயங்கவில்லை.

"அவருக்கு அத்தினி பேரு கட்டிப்புடிச்சி கை குடுத்தீங்க. நான் மாசக்கணக்கா வூட்லதான் படுத்துனு கீறேன். மண்ணூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால தெருவு. ஆஸ்பத்திரில நீங்க வந்து பாத்தீங்க, பாஸ்டர் வந்தாரு. அதுக்கப்பறம் ஏண்ணே ஒருத்தரும் வரல?"

ஏன் வரவில்லை என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவர் வீட்டுக்குப் போனால் சூப்பர்வைசருக்கு எதிராகப் போன மாதிரி ஆகும். லைனில் ஆள் குறைக்கும்போது யார் பெயர் முதலில் வரும் என்ற பயம். என் கம்பெனி வேறு. எனக்கு அந்தப் பயம்கூட இல்லை. நான் புத்தகங்களோடு இருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் தரையைப் பார்த்தார்.

வேதாகமத்தை மூடினேன். "பாடத்தை இங்கே நிறுத்திக்குவோம். இப்பவே இவர் வீட்டுக்குப் போவோம். மிச்ச ஜெபத்தை அங்க பண்ணிக்கலாம்," என்றேன்.

"இப்பவேவா?" என்றாள் அவள். "வூடு போட்டது போட்டபடி கெடக்குதுண்ணே."

"கெடக்கட்டும்மா."

நாற்காலிகளை அடுக்கிவிட்டு இறங்கினோம். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வந்தார், கல்லூரி படிக்கிற ஒரு பெண் வந்தாள், நான் போனேன். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள் படிக்கட்டின் கீழே நின்று, காலை ஷிஃப்டுக்குச் சீக்கிரம் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும், அடுத்த வாரம் கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிவிட்டு மறுபக்கம் நடந்தார்கள்.